தலைப்பில் இருக்கும் சாய்வெழுத்து ஹெட்டருக்கு ஏன் வர மாட்டேன் என்கிறது?

தம்பி கேட்டது இதுதான். பாளையங்கோட்டையில் தாவரவியல் ஆய்வேடு எழுதுகிறார், வேர்டில். மூன்றாம் இயலின் தலைப்பு 'தேரிக்காட்டில் பொராசஸ் ஃபிளாபெல்லிஃபெர்: பரவலும் பயன்பாடும்'. நம்ம பனைமரத்தின் அறிவியல் பெயர் அது. விதிப்படி அந்தப் பெயரை லத்தீன் எழுத்தில், சாய்வெழுத்தில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் இயலின் தலைப்பு தானாக வந்து நிற்கும்படி ஹெட்டரில் ஸ்டைல்ரெஃப் போட்டிருக்கிறார். தலைப்பு வருகிறது, சாய்வு வரவில்லை. நெறியாளர் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அண்ணாச்சி, அத்தனை பக்கத்தையும் கையாலதான் மாத்தணுமா?"

வேண்டாம். அநேகமாக ஒரே ஒரு டிக்கை எடுத்தால் தீர்ந்துவிடும். ஆனால் அந்த டிக் ஏன் இந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் ஐந்தாம் இயலில் இதே ஆள் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பார்.

ஸ்டைல்ரெஃப் என்பது ஒரு ஃபீல்டு, அதாவது விடையை வேர்டே தேடி நிரப்பிக்கொள்ளும் இடம். 'ஹெட்டிங் 1 என்ற ஸ்டைலில் எழுதியதை எடுத்து வா' என்று அதற்குச் சொல்லி வைக்கிறோம். ஹெட்டரில் இருக்கும்போது அது முதலில் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாகப் பார்க்கும். அங்கே அந்த ஸ்டைலில் ஏதாவது இருந்தால் முதலில் கண்டதை எடுக்கும். இல்லையென்றால் முந்திய பக்கங்களை நோக்கிப் பின்னால் போகும். அங்கேயும் இல்லையென்றால்தான் முன்னால் போய்த் தேடும். அதனால்தான் இயலுக்கு ஒரு செக்‌ஷன் பிரித்துத் தனித்தனி ஹெட்டர் தட்டாமலே மொத்த ஆய்வேட்டுக்கும் ஒரே ஹெட்டர் போதுமாகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். தலைப்பின் தோற்றம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, பத்தியின் ஸ்டைல்: 'ஹெட்டிங் 1 என்றால் 16 பாயிண்ட், போல்டு, நடுவில்' என்று ஸ்டைலுக்குள் எழுதி வைத்தது. மற்றது, அந்தப் பத்திக்குள் சில எழுத்துகளை மட்டும் தேர்ந்து கன்ட்ரோல்-ஐ அடித்து நாமே போட்டது. முதலாவது வீட்டுச் சுவரின் வெள்ளையடிப்பு மாதிரி, இரண்டாவது ஆள் போட்டிருக்கும் சட்டை மாதிரி. ஆள் வேறு வீட்டுக்குப் போனால் சட்டை கூடப் போகும், சுவர் போகாது. ஸ்டைல்ரெஃப் செய்வதும் அதுதான். தலைப்பின் 16 பாயிண்டும் போல்டும் ஹெட்டருக்கு வராது. அங்கே ஹெட்டருடைய ஸ்டைல்தான் ஆளும். ஆனால் எழுத்துக்கு நேரடியாகப் போட்ட சாய்வு, மேலெழுத்து, கீழெழுத்து எல்லாம் கூடவே வரும். பக்கத் தலைப்புக்கு நமக்கு வேண்டியதும் இதுவேதான். யாரும் யோசிக்காமல் அமைத்ததாகத் தெரியவில்லை.

பிறகு ஏன் உங்களுக்கு வரவில்லை? இன்செர்ட் மெனுவில் குயிக் பார்ட்ஸ் போய், ஃபீல்டு என்பதைத் திறந்து ஸ்டைல்ரெஃப் போட்டிருப்பீர்கள். அந்தப் பெட்டியின் கீழே 'புதுப்பிக்கும்போது வடிவமைப்பைக் காப்பாற்று' என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கிறது. அது முதலிலேயே டிக் போட்டபடி வரும். பெயரைப் பார்த்தால் யாருக்குத்தான் எடுக்கத் தோன்றும்? காப்பாற்றத்தானே நாம் பாடுபடுகிறோம்! கோளாறு அங்கேதான். அது காப்பாற்றுவது தலைப்பின் வடிவமைப்பை அல்ல, ஹெட்டரில் ஏற்கெனவே நின்ற பழைய விடையின் வடிவமைப்பை. பழைய விடை முழுக்க நேரெழுத்தாக இருந்தால் புதிதாக வருவதையும் நேராக்கிவிடும். அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அது சொல் வரிசையை எண்ணி வேலை செய்கிறது. நீங்கள் ஹெட்டருக்குள் போய் இரண்டாம் சொல்லையும் மூன்றாம் சொல்லையும் கையால் சாய்த்துவிட்டால், நான்காம் இயலிலும் இரண்டாம் மூன்றாம் சொற்கள் சாய்ந்து நிற்கும். அங்கே அவை 'மண்ணும் மழையும்' என்று இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. அதனால் ஹெட்டருக்குள் போய்க் கைவைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

திருத்தும் வழி சொல்கிறேன். ஹெட்டரை இரட்டைச் சொடுக்கித் திறந்து ஆல்ட்-எஃப்9 அடியுங்கள். விடைக்குப் பதிலாக நெளிவு அடைப்புக்குள் ஃபீல்டின் குறிமொழி தெரியும். அதன் வால்பகுதியில் பின்சாய்கோடும் நட்சத்திரக் குறியும் வந்து, அதை அடுத்து 'மெர்ஜ்ஃபார்மட்' என்று இருக்கும். அந்த டிக் சேர்த்துவிட்ட சொல் அதுதான். பின்சாய்கோட்டிலிருந்து அந்தச் சொல் முடியும்வரை அழித்துவிடுங்கள். மறுபடி ஆல்ட்-எஃப்9 அடித்தால் பழையபடி விடை தெரியும். ஃபீல்டில் கர்சரை வைத்து எஃப்9 அடித்துப் புதுப்பியுங்கள். பனை சாய்ந்துவிடும். ஒற்றைப் பக்கம், இரட்டைப் பக்கம் என்று ஹெட்டரைப் பிரித்திருந்தால் இரண்டிலும் செய்ய வேண்டும். உடல்பகுதியில் கன்ட்ரோல்-ஏ போட்டு எஃப்9 அடிப்பது ஹெட்டருக்குள் எட்டாது என்பதையும் மறக்காதீர்கள். அது தனி அறை.

அதே வால்பகுதியில் 'சார்ஃபார்மட்' என்று இன்னொரு சொல்லையும் போடலாம். அதைப் போட்டால், ஃபீல்டின் பெயரில் முதல் எழுத்துக்கு என்ன வடிவமோ அதுவே விடை முழுதுக்கும் வரும். தலைப்பின் சாய்வு, கீழெழுத்து எல்லாம் வழித்துத் துடைத்துப் போய்விடும். உங்களுக்கு வேண்டியதற்கு நேர் எதிர். ஆனால் சிலர் 'இதைப் போடு, எல்லாம் ஒழுங்காகும்' என்று யோசனை சொல்வார்கள். அவர்களுக்கு இருந்த நோய் வேறு.

அந்த நோயை நான் என் கடையிலேயே பட்டிருக்கிறேன். சந்திப்புப் பக்கம் டைப்பிங்கும் பைண்டிங்கும் பார்க்கிற கடை. ஒருவர் வேறெங்கோ தட்டி முடித்த ஆய்வேட்டை ஹெட்டர் மட்டும் சேர்த்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். ஸ்டைல்ரெஃப் போட்டேன். மேலே மார்ஜினில் கல்யாண போஸ்டர் மாதிரி 16 பாயிண்ட் போல்டில் தலைப்பு வந்து உட்கார்ந்தது. தட்டியவர் ஹெட்டிங் ஸ்டைலைக் கொடுத்தது கொடுத்தபடி இருக்க, அதன் மேலேயே அளவையும் போல்டையும் ஃபான்ட்டையும் கையாலும் போட்டிருக்கிறார். வெள்ளையடிப்பையெல்லாம் சட்டையாக மாட்டிவிட்டால் அதுவும் கூடத்தானே வரும்? எனக்கு அப்போது இது தெரியாது. சார்ஃபார்மட் போட்டு அடக்கினேன், அச்செடுத்தேன், காலிகோ அட்டை ஒட்டிப் பொன்னெழுத்தும் அடித்தாயிற்று. ஐந்து பிரதி. அதற்குப் பிறகுதான் நீர்ப் பகுப்பாய்வு பற்றிய இயலில் வேதிக் குறியீடுகளின் கீழெழுத்து எண்கள் எல்லாம் ஹெட்டரில் முழு உயரத்துக்கு எழுந்து நிற்பதைப் பார்த்தோம். ஐந்தையும் பிரித்து மறுபடி கட்டியது என் கைக்காசு.

சரியான வைத்தியம் தலைப்பில்தான் செய்ய வேண்டும். தலைப்பு முழுவதையும் தேர்ந்து கன்ட்ரோல்-ஸ்பேஸ் அடித்தால் கையால் போட்ட எழுத்து வடிவங்கள் எல்லாம் கழன்று ஸ்டைல் மட்டும் மிஞ்சும். அளவும் போல்டும் வேண்டுமென்றால் ஸ்டைலைத் திருத்திக் கொடுங்கள். கன்ட்ரோல்-ஸ்பேஸ் சாய்வையும் கழற்றிவிடும், அதனால் அறிவியல் பெயரை மறுபடி தேர்ந்து கன்ட்ரோல்-ஐ அடித்துவிடுங்கள். அவ்வளவுதான்.

உங்கள் துறையில் அடிக்கடி வரும் இன்னொரு கோளாறு: தலைப்பு ஸ்டைலே சாய்வெழுத்தாக இருப்பது. சில வடிவமைப்புகளில் உட்தலைப்பு முழுக்கச் சாய்வாக இருக்கும். அதற்குள் அறிவியல் பெயரை வேறுபடுத்த, பெயரை மட்டும் நேராக்குவார்கள். அச்சு மரபுப்படி அது சரிதான். ஆனால் ஹெட்டருக்கு வரும்போது ஸ்டைலின் சாய்வு பின்தங்கிவிடும். பெயரோ 'நான் நேரெழுத்து' என்ற சட்டையோடு வரும். ஆக எல்லாமே நேராக நிற்கும், வேறுபாடு தொலைந்து போகும். இதற்கு ஃபீல்டில் மருந்து கிடையாது. ஹெட்டரில் எடுக்கப்போகும் தலைப்பு ஸ்டைலை நேரெழுத்தாகவே வைத்துக்கொள்ளுங்கள், போல்டும் அளவும் போதும். ஹெட்டர் ஸ்டைலில் 'ஆல் கேப்ஸ்' இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது என்பதால் அது இருப்பதே நமக்குத் தெரியாது. லத்தீன் பெயர் வரும் பக்கத்தில்தான் குட்டு வெளிப்படும். பேரினப் பெயரின் முதல் எழுத்து மட்டும் பெரிதாகவும் இனப் பெயர் முழுக்கச் சின்ன எழுத்திலும் இருக்க வேண்டும் என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

தமிழில் தட்டுகிறவர்களுக்கு மட்டும் வரும் தலைவலிகள் இரண்டு. முதலாவது, பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்கள். அவற்றில் உள்ளே இருப்பது தமிழே அல்ல. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் இருக்கும், எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் மாட்டிவிடும். அதாவது அங்கே வடிவமைப்பு போனால் மொழியே போய்விடும். தலைப்பின் எழுத்துரு ஸ்டைலில் இருந்து, ஹெட்டர் ஸ்டைலில் டைம்ஸ் மாதிரி ஆங்கில எழுத்துரு இருந்தால், பக்கத்துக்குப் பக்கம் மேலே குப்பை கொட்டியது மாதிரி வரும். ஹெட்டர் ஸ்டைலுக்கும் அதே எழுத்துருவைக் கொடுத்தால் தமிழ் வந்துவிடும், ஆனால் உங்கள் லத்தீன் பெயர் வாயில் நுழையாத தமிழாக மாறிவிடும்! இதற்கு ஒரே வழி, தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யுனிகோடுக்கு மாற்றுவதுதான். தமிழ்நாடு அரசே 2010-இல் யுனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆனாலும் நம்ம பக்கத்து அச்சகங்களுக்கு இன்றைக்கும் பாமினியில் தட்டிய கோப்புகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இரண்டாவது, யுனிகோடிலேயே இருப்பது. வேர்டின் கணக்கில் தமிழ் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்ற வகை. அந்த வகைக்கென்று எழுத்துரு, அளவு, போல்டு, சாய்வு எல்லாம் லத்தீனிலிருந்து தனியாகவே சேமிக்கப்படுகின்றன. ஹெட்டர் ஸ்டைலில் 9 பாயிண்ட் என்று மேல்கட்டத்தில் மட்டும் கொடுத்தால் லத்தீன் பெயர் 9-இலும் தமிழ் 11-இலும் நிற்கலாம். ஸ்டைலைத் திருத்தும்போது ஃபான்ட் பெட்டியில் இரண்டு பகுதிகளையும் நிரப்புங்கள். வேர்டு மாதிரியே இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸிலும் இதே பிரிவினைதான், அங்கே 'சிடிஎல்' என்ற பெயரில் இருக்கும்.

சாய்வெழுத்து பற்றி ஒரு வார்த்தை. தமிழ் எழுத்துக்குச் சாய்வு என்ற மரபே கிடையாது. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியாகச் சாய்வு வடிவமும் இல்லை. மென்பொருள் நேரெழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது, அவ்வளவுதான். 'ண', 'ழ' எல்லாம் ஆடிக்காற்றில் சாய்ந்த வாழை மாதிரி இருக்கும், அதுவும் ஹெட்டரின் 9 பாயிண்டில். என் கருத்து: லத்தீன் பெயரைச் சாயுங்கள், தமிழைச் சாய்க்காதீர்கள். தலைப்புக்குள் நூற்பெயர் வந்தால் ஒற்றை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். உங்கள் சிநேகிதர் ஒருவர் வரலாற்றுத் துறையில் கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தைப் பற்றி எழுதுகிறார் என்றீர்களே, அவருக்கும் இதையே சொல்லுங்கள். மேற்கோள் குறி என்பது வடிவமைப்பு அல்ல, அதுவே ஓர் எழுத்து. சட்டை வழியில் கழன்று விழலாம், ஆனால் ஆள் வந்து சேர்வான். வேர்டோ லிப்ரே ஆபீஸோ எதில் திறந்தாலும் அது அப்படியே இருக்கும்.

கீழெழுத்து எண்ணுக்கும் இந்தத் தந்திரம் செல்லும். கரியமில வாயுவின் குறியீட்டில் வரும் சின்ன 2 யுனிகோடில் தனி எழுத்தாகவே இருக்கிறது. உங்கள் எழுத்துருவில் அது இருந்தால், வடிவமைப்பைத் தூக்கியெறியும் மென்பொருளிலும் சின்னதாகவே வரும். ஆனால் இதே வேகத்தில் யுனிகோடின் கணிதச் சாய்வெழுத்துகளை எடுத்து அறிவியல் பெயரை எழுதாதீர்கள். பார்க்கச் சாய்வாக இருக்கும், அப்புறம் யாராவது அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

லிப்ரே ஆபீஸ் என்றேன். அங்கேயும் ஹெட்டரில் ஒரு ஃபீல்டைப் போட்டு இயலின் பெயரை வரவழைக்கலாம். ஆனால் அதன் எழுதும் செயலியான ரைட்டரில் ஃபீல்டு முழுவதும் ஒரே எழுத்து மாதிரிதான். சாய்த்தால் மொத்தமும் சாயும், இல்லையென்றால் மொத்தமும் நிமிரும். பாதி சாய்வு என்ற பேச்சே இல்லை. வேர்டில் அழகாக முடித்த கோப்பைச் சிநேகிதர் மடிக்கணினியில் லிப்ரே ஆபீஸில் திறந்து பிடிஎஃப் எடுக்கிற பழக்கம் இருந்தால், இந்த விஷயத்துக்காகவாவது விட்டுவிடுங்கள். அங்கேயேதான் எழுத வேண்டும் என்றால், இயலுக்கு ஒரு பக்க ஸ்டைல் உருவாக்கி ஹெட்டரைக் கையால் தட்டிச் சாய்க்க வேண்டியதை மட்டும் சாய்த்துக்கொள்ளலாம். கூகுள் டாக்ஸில் தலைப்பைத் தானாக எடுத்துவரும் ஏற்பாடே கிடையாது. செக்‌ஷன் பிரித்துக் கையால்தான் தட்ட வேண்டும்.

ஆய்வேடு பின்னால் நூலாகி அச்சகத்துக்குப் போனால் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கட்டுவார்கள். அங்கேயும் 'ரன்னிங் ஹெட்டர்' என்ற டெக்ஸ்ட் வேரியபிள் உண்டு, ஸ்டைலைப் பார்த்துத் தலைப்பை எடுத்துவரும். ஆனால் உள்ளே இருக்கும் சாய்வைக் கொண்டுவராது. போதாததற்கு, பழைய பதிப்புகளில் அது வரிமடங்கவும் செய்யாது. நீளமான தலைப்பாக இருந்தால் எழுத்தையெல்லாம் நெருக்கிப் பிழிந்து ஒரே வரிக்குள் திணித்துவிடும். ஏழெட்டு இயல் நூலுக்கு மாஸ்டர் பக்கத்தை இயல்வாரியாகப் பிரதி எடுத்து ஹெட்டரைக் கையால் வைப்பதுதான் நிம்மதி.

நீளம் என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் இரண்டாம் இயலின் தலைப்பு ஹெட்டரில் இரண்டு வரி ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு வழி இருக்கிறது. எழுத்து ஸ்டைல் ஒன்றை, பத்தி ஸ்டைல் அல்ல, எழுத்து ஸ்டைல், 'குறுந்தலைப்பு' என்று பெயரிட்டு உருவாக்குங்கள். அதற்கு எந்த வடிவமும் கொடுக்க வேண்டாம். எல்லா இயல் தலைப்பிலும் ஹெட்டருக்கு வேண்டிய துண்டை மட்டும் தேர்ந்து அந்த ஸ்டைலைக் கொடுத்து, ஸ்டைல்ரெஃபில் ஹெட்டிங் 1-க்குப் பதிலாகக் 'குறுந்தலைப்பு' என்று எழுதுங்கள். ஏதாவது ஓர் இயலில் கொடுக்க மறந்தால் முந்திய இயலின் பெயரே தொடரும், கவனம். இயல் எண் தலைப்பில் தானாக வருவதாக இருந்தால் ஸ்டைல்ரெஃப் அதை எடுத்துவராது. எண்ணுக்கென்று இன்னொரு ஸ்டைல்ரெஃப், வால்பகுதியில் பின்சாய்கோடும் ஆங்கில 'என்' எழுத்தும் சேர்த்துப் போட வேண்டும்.

இதே எழுத்து ஸ்டைல் வித்தையில்தான் அகராதிக்கு ஹெட்டர் கட்டுகிறோம். நெல்லை வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்துக்கொண்டு ஒரு வாத்தியார் வந்தார். பக்கத்தின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் மேலே வர வேண்டும் என்றார். தலைச்சொற்களுக்கு ஒரு எழுத்து ஸ்டைல், ஹெட்டரில் இரண்டு ஸ்டைல்ரெஃப். இரண்டாவதில் மட்டும் பின்சாய்கோடும் ஆங்கில 'எல்' எழுத்தும். அது இருந்தால் பக்கத்தைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக் கடைசியாக வந்த சொல்லை எடுக்கும். ஒரு பக்கத்தின் மேலே 'அங்கணம் – அண்ணாச்சி' என்று தானாக வந்து நின்றதைப் பார்த்துவிட்டு வாத்தியார் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

உங்கள் கோப்பில் மெர்ஜ்ஃபார்மட்டை அழித்த பிறகும் ஏதாவது ஒரு பக்கத்தில் மட்டும் பெயர் நேராக நின்றால், அந்தப் பக்கத்துச் செக்‌ஷனில் 'முந்தியதோடு இணை' என்பது எடுபட்டு, அங்கே வேறொரு பழைய ஃபீல்டு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு செக்‌ஷனின் ஹெட்டரையும் திறந்து பாருங்கள். ஹெட்டர் இருக்கும் இடத்தில் 'அந்த ஸ்டைலில் எதுவும் இல்லை' என்று ஆங்கிலத்தில் பிழைச்செய்தி வந்தால் ஸ்டைலின் பெயரைத் தப்பாகத் தட்டியிருக்கலாம், அல்லது அந்த ஸ்டைலை எந்தத் தலைப்புக்கும் கொடுக்காமல் விட்டிருக்கலாம். ஹெட்டிங் 1-க்கு வெறும் 1 என்று எண்ணைக் கொடுத்தாலும் அது புரிந்துகொள்ளும், எழுத்துப்பிழைக்கு வழியே இல்லை. எல்லாம் முடிந்ததும் பிடிஎஃப் எடுத்து, இயலுக்கு ஒரு ஒற்றைப் பக்கமும் ஒரு இரட்டைப் பக்கமும் மட்டும் அச்செடுத்து நெறியாளரிடம் காட்டுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு பைண்டிங்குக்குக் கொண்டுவந்தால் போதும்.